டிக்கியில் இருக்கும் பேஸை டேஷ்போர்டுக்குக் கொண்டுவருவது எப்படி

போன வருடம் என் ஹேட்ச்பேக் காரில் 12 அங்குல சப்வூஃபர் (பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) ஒன்றைப் பொருத்தினேன். முதல் நாள் கார் அதிர்ந்ததில் ஏக சந்தோஷம். மறுநாள் மதுரையிலிருந்து திருச்சிக்குப் போகும்போது, பின் சீட்டில் இருந்த அம்மா கேட்டார்: "பாடுறவங்க குரலே கேக்கலையேப்பா, வெறும் இடி சத்தம்தான் வருது." அவர் சொன்னது சரி. முதுகுக்குப் பின்னால் தும் தும் என்று ஒன்று அடித்துக்கொண்டிருந்தது, பாட்டு முன்னால் எங்கோ மெலிசாகக் கேட்டது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

அதைச் சரி செய்ய எனக்கு நான்கு மாதம் ஆனது. நடுவில் ஒரு ட்வீட்டர் (உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) எரிந்துபோனது. தேவையில்லாத கெப்பாசிட்டர் (கரண்ட்டைக் கொஞ்சம் தேக்கிவைக்கும் பாகம்) ஒன்றுக்குப் பணம் போனது. நீங்கள் இதை இரண்டு வார இறுதிகளில் முடித்துவிடலாம். வேலையை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிரைவர் சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்தால் டிக்கியில் ஒரு பெட்டி இருப்பதே தெரியக் கூடாது. மிருதங்கத்தின் வலந்தலையும் (வலது பக்கம், உயர்ந்த ஒலி) தொப்பியும் (இடது பக்கம், தாழ்ந்த ஒலி) ஒரே வாத்தியமாக, கண்ணாடிக்கு நேரே ஒரே இடத்திலிருந்து கேட்க வேண்டும். வலந்தலை முன்னாலும் தொப்பி முதுகுக்குப் பின்னாலும் கேட்டால் வேலை முடியவில்லை.

1. முதலில் வாட் கணக்கு

சப்பின் சத்தத்தைக் குறைத்தால் போதும் என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்போம். என் காரில் பிரச்சினை சப்பில் இல்லவே இல்லை. முன் ஸ்பீக்கர்களுக்குப் போதிய பவர் போகவில்லை.

ஸ்டீரியோவின் முகப்பில் "50 வாட் × 4" என்று எழுதியிருக்கும். அது உச்சக் கணக்கு. காரின் 14 வோல்ட்டை வைத்துக்கொண்டு ஒரு சாதாரண ஸ்டீரியோ, 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகத் தரக்கூடியது ஏறக்குறைய 18 முதல் 20 வாட்தான். என் சப்புக்குத் தனி ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) 300 வாட் கொடுத்துக்கொண்டிருந்தது. 18-க்கும் 300-க்கும் உள்ள வித்தியாசம் 12 டெசிபெல். சப்புக்குச் சமமாக வரட்டும் என்று நான் வால்யூமை ஏற்ற, ஸ்டீரியோ தன் எல்லையைத் தாண்டி அலையின் தலையை வெட்ட ஆரம்பித்தது. அதற்குக் கிளிப்பிங் என்று பெயர். வெட்டுப்பட்ட அலையில் மேல் அதிர்வெண் சக்தி கூடிவிடும், அது நேரே ட்வீட்டருக்குப் போகும். என் ட்வீட்டர் எரிந்தது இப்படித்தான்.

ஆகவே விதி இது: சப்புக்குத் தனி ஆம்ப் போட்டால் முன் ஸ்பீக்கருக்கும் ஆம்ப் வேண்டும். நான் பிறகு ஒரு நான்கு சேனல் ஆம்ப் வாங்கி, முன்பக்கக் காம்போனென்ட் ஸ்பீக்கர்களுக்கு (ட்வீட்டர் தனியாக வரும் செட்) ஆளுக்கு 60 வாட் கொடுத்தேன். இரண்டும் சேர்ந்து 120, சப் 300. வித்தியாசம் 4 டெசிபெல். தாழ்ந்த ஒலிகளுக்கு நம் காது மந்தம் என்பதால் சப்புக்கு இந்தக் கூடுதல் தேவைதான்.

பட்ஜெட் ஒன்றுதான் என்றால், பெரிய சப்பும் ஸ்டீரியோ பவரில் ஓடும் முன் ஸ்பீக்கரும் என்ற ஜோடியை விட, சின்ன சப்பும் நல்ல ஆம்ப் பவரில் ஓடும் முன் ஸ்பீக்கரும் என்ற ஜோடியைத் தேர்ந்தெடுங்கள். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

2. வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்

பெட்டி மேல் "1200 வாட் மேக்ஸ்" என்று இருப்பதைப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் விவரத்தாளில் மூன்று எண்களைத் தேடுங்கள்: ஆர்.எம்.எஸ். வாட் (தொடர்ந்து தாங்கும் பவர்), ஓம்ஸ் (மின்தடை), சென்சிடிவிட்டி (ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம்). மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தப் பொருளை வாங்க வேண்டாம். 6-ஆம் படியில் வரும் கெயின் கணக்கு முழுவதும் முதல் இரண்டு எண்களை நம்பித்தான் இருக்கிறது.

சப்பில் இரட்டை வாய்ஸ் காயில் (ஸ்பீக்கரை அசைக்கும் கம்பிச்சுருள்) இருந்தால் ஓம்ஸைக் கவனமாகப் பாருங்கள். இரண்டு 4 ஓம்ஸ் காயில்களைப் பேரலலாக இணைத்தால் 2 ஓம்ஸ், சீரீஸில் இணைத்தால் 8 ஓம்ஸ். சப்பை ஓட்டும் உங்கள் மோனோ (ஒரே சேனல்) ஆம்ப் எத்தனை ஓம்ஸ் வரை தாங்கும் என்பது அதன் தாளில் இருக்கும். அதற்குக் கீழே போனால் ஆம்ப் சூடாகிப் பாதுகாப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும்.

ஜி.எஸ்.டி. பில் கட்டாயம். பில்லில் ஆம்பின் சீரியல் நம்பர் எழுதியிருக்க வேண்டும். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்பார்கள், சம்மதிக்காதீர்கள். வாரன்ட்டிக்கும் அது வேண்டும், இன்சூரன்ஸுக்கும் அது வேண்டும். வாரன்ட்டி கார்டில் கடை முத்திரையும் தேதியும் விழுந்த பிறகே கடையை விட்டு வெளியே வாருங்கள்.

கார் இன்னும் கம்பெனி வாரன்ட்டியில் இருக்கிறதா? அப்படியானால் காரின் சொந்த வயரை ஓர் இடத்தில்கூட வெட்ட விடாதீர்கள். உங்கள் மாடலுக்கென்றே கப்ளர் கிடைக்கும், சொருகினால் போதும். வயரை வெட்டி டேப் சுற்றியது தெரிந்தால், பிற்பாடு வரும் எந்த எலக்ட்ரிகல் கோளாறுக்கும் அதையே காரணம் காட்டி வாரன்ட்டியை மறுக்க இடம் கிடைத்துவிடும். சர்வீஸ் சென்டரில் முன்கூட்டியே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

3. வயரிங்: அரை நாள் பொறுமையாக நில்லுங்கள்

வேலை நடக்கும்போது பக்கத்திலேயே இருங்கள். கவனிக்க வேண்டியவை சில.

பேட்டரியிலிருந்து டிக்கிக்கு வரும் பவர் வயர், பேட்டரியை விட்டு ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸைத் தாண்டிப் போக வேண்டும். அந்த ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. எங்காவது இரும்பு விளிம்பில் உரசி வயர் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காமல் தடுப்பது அது ஒன்றுதான். பானட்டிலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் கிராமெட் (வயர் உரசாமல் காக்கும் வளையம்) இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

வயர் தடிமன்: என் 540 வாட்டுக்கு (சப் 300, நான்கு சேனலுக்கு 60 வீதம் 240), ஆம்பின் இழப்பையும் சேர்த்தால் உச்சத்தில் 50 ஆம்பியருக்கு மேல் வரும். அதற்கு 4 கேஜ் முழுச் செம்பு வயர், 60 ஆம்பியர் ஃபியூஸ் போட்டேன். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயரும் அதே தடிமனில், மலிவு விலையில் விற்கிறது. அது அவ்வளவு கரண்ட் தாங்காது. நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

கிரவுண்ட் வயர் (ஆம்பின் மைனஸைக் காரின் உடம்போடு சேர்ப்பது) குட்டையாக, இரண்டடிக்குள், பெயின்ட்டைச் சுரண்டிய வெறும் இரும்பில் முறுக்கியிருக்க வேண்டும். நான் ஏமாந்தது இங்கேதான். பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கியது. பொருத்தியவர் கெப்பாசிட்டர் வேண்டும் என்றார், வாங்கினேன், மங்கல் நிற்கவில்லை. இரண்டு மாதம் கழித்து நானே கிரவுண்ட் போல்ட்டைக் கழற்றியபோது அடியில் பெயின்ட் அப்படியே இருந்தது. உப்புத்தாளால் தேய்த்து மறுபடி முறுக்கியதும் சரியாகிவிட்டது. ஹெட்லைட் மங்கினால் முதலில் கிரவுண்ட், அடுத்து பேட்டரி டெர்மினல், அதற்கும் அடுத்து பேட்டரியின் வயது என்று பார்த்து வாருங்கள்.

பவர் வயர் ஒரு பக்கமும், ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குச் சிக்னல் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. வயர் மறு பக்கமும் போகட்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஸ்பீக்கரில் கூடவே ஏறும் கீச்சொலி வந்தால் இந்த இரண்டும் சேர்ந்து ஓடுகின்றன, அல்லது கிரவுண்ட் சரியில்லை.

இன்னொன்று. தரையில் ஸ்க்ரூ போடுவதற்கு முன் காருக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் பெட்ரோல் டேங்க் பின் சீட்டுக்குக் கீழேதான் இருக்கிறது.

4. பெட்டியும் கதவும்

புதிதாகச் செய்பவர்கள் சீல்டு பாக்ஸ் (முழுக்க மூடிய பெட்டி) வாங்குங்கள் என்பது என் யோசனை. போர்ட்டட் பாக்ஸ் (காற்று போய்வரத் துளை வைத்தது) சத்தம் அதிகம் தரும். ஆனால் அது ட்யூன் செய்த அதிர்வெண்ணைச் சுற்றியே துள்ளும், மற்ற ஸ்பீக்கரோடு கலக்க மறுக்கும். சீல்டு பெட்டியில் தாழ்ந்த ஒலி மெதுவாகச் சரியும். அப்படிச் சரிவதை மூடிய காரின் சின்ன இடமே தாழ்ந்த ஒலியைத் தூக்கிக் கொடுத்து ஈடு கட்டிவிடும். 12 அங்குலத்துக்கு ஒரு கன அடி, அதாவது சுமார் 28 லிட்டர் கொள்ளளவு பொதுவாகப் போதும். உங்கள் சப்பின் தாளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பெட்டிக்கு அடியில் ஸ்டெப்னி இருக்கும். நடுரோட்டில் பஞ்சரானால் பெட்டியை ஒரு நிமிடத்தில் தூக்க முடிய வேண்டும். வயரை நேரடியாக முறுக்காமல் சொருகிக் கழற்றும் கனெக்டர் போடச் சொல்லுங்கள், பெட்டியை பெல்ட் போட்டுக் கட்டுங்கள். கட்டாமல் விட்ட 15 கிலோ பெட்டி, திடீர் பிரேக்கில் பின் சீட்டை இடிக்கும்.

முன் கதவுகளுக்கு டேம்பிங் ஷீட் (தகரத்தின் அதிர்வை அடக்கும் தாள்) ஒட்டுங்கள். இதை ஆடம்பரம் என்று நினைத்துத் தள்ளிப் போட்டேன், தப்பு. கதவின் உள் தகரத்தில் பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. ஸ்பீக்கரின் முன்னால் வரும் காற்றும் பின்னால் வரும் காற்றும் அந்த ஓட்டை வழியாகச் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துவிடும். ஓட்டையை மூடி, வெளித் தகரத்திலும் ஒட்டிய பிறகு, அதே 6.5 அங்குல ஸ்பீக்கரிலிருந்து தவில் அடி முதல் முறையாக நெஞ்சில் பட்டது. முன்பக்கம் 80 ஹெர்ட்ஸ் வரை தெம்பாக இறங்கி வந்தால்தான் சப் அதோடு கை கோக்க முடியும். ஒட்டும்போது கதவின் அடியில் உள்ள மழைநீர்த் துளைகளை அடைத்துவிடாதீர்கள், கதவு துருப்பிடித்துப் போகும்.

பின் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் நுரை டேப் இரண்டு துண்டு ஒட்டுங்கள். பேஸ் கரகரக்கிறது என்று நான் ஒரு வாரம் சப்பைச் சந்தேகித்தேன். கரகரத்தது பிளேட்.

5. எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வையுங்கள்

இங்கிருந்து கருவி வேலை. ஒரு மல்டிமீட்டர், அளக்கும் டேப், ஒரு பென் டிரைவ் வேண்டும். பென் டிரைவில் 50, 80, 300 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன்களை 0 டெசிபெல் அளவில், வேவ் கோப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். புளூடூத் வழியாகச் செய்யாதீர்கள். போனின் வால்யூமும் ஆப்பின் ஈக்வலைசரும் நடுவில் புகுந்து கணக்கைக் கெடுக்கும்.

ஸ்டீரியோவில் பேஸ், டிரெபிள், லவுட்னஸ், ஈக்வலைசர் எல்லாம் பூஜ்யம். சப் லெவல் பூஜ்யம். ஆம்பில் பேஸ் பூஸ்ட் பூஜ்யம், கெயின் அடிமட்டம். அந்த பேஸ் பூஸ்ட் திருகை இனிமேல் தொடவே தொடாதீர்கள். 6 டெசிபெல் பூஸ்ட் என்றால் அந்த அதிர்வெண்ணில் நான்கு மடங்கு பவர் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். ஆம்பிடம் அது இருக்காது, கிளிப்பிங்தான் வரும்.

6. கெயின்: இது வால்யூம் திருகு கிடையாது

மொத்த வேலையில் பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கே. கெயின் என்பது ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலின் உயரத்துக்கும் ஆம்ப் எதிர்பார்க்கும் உயரத்துக்கும் உள்ள பொருத்தம். ஒரு முறை வைத்தால் அப்புறம் ஏற்றக் கூடாது.

எவ்வளவு வோல்ட் என்று முதலில் கணக்குப் போடுங்கள். வாட்டை ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட். ஆம்ப், ஸ்பீக்கர் இரண்டின் ஆர்.எம்.எஸ். எண்ணில் எது சின்னதோ அதை எடுங்கள். என் சப்: 300 × 4 = 1200, வர்க்கமூலம் 34.6 வோல்ட். முன் ஸ்பீக்கர்: 60 × 4 = 240, வர்க்கமூலம் 15.5 வோல்ட்.

இனி செய்முறை. காரைத் திறந்த வெளியில் நிறுத்தி இன்ஜினை ஓட விடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம், புகை உயிருக்கு ஆபத்து. ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். மறந்தால் முழு பவரில் ஒரே டோன் போய் காயிலைச் சுட்டுவிடும். ஸ்டீரியோ வால்யூமை முக்கால் பங்கில் வையுங்கள், என்னுடையதில் 40-க்கு 30. மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் பிடியுங்கள். சப் ஆம்புக்கு 50 ஹெர்ட்ஸ் டோனை ஓட விட்டு, மீட்டர் 34.6 காட்டும் வரை கெயினை மெதுவாக ஏற்றி நிறுத்துங்கள். முன் சேனல்களுக்கு 300 ஹெர்ட்ஸ் டோன், 15.5 வோல்ட்.

முன் சேனலுக்கு 1000 ஹெர்ட்ஸ் டோன் போடச் சொல்லும் வழிகாட்டிகள் உண்டு. நம்மிடம் இருக்கும் மலிவு மல்டிமீட்டர்கள் வீட்டுக் கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸை அளக்கச் செய்தவை. பலவற்றில் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் எண் தப்பாக வரும். 300 போதும்.

முடிந்ததும் டோனை நிறுத்தி, வால்யூமை இறக்கி, ஆம்பை அணைத்த பிறகு வயர்களைத் திரும்ப மாட்டுங்கள். திருகுகள் நிற்கும் இடத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். சர்வீஸுக்கு விட்ட இடத்தில் யாராவது திருகிவிட்டால் அந்தப் படம்தான் உங்களுக்கு ஆதாரம்.

7. கிராஸ்ஓவர்: யார் எதைப் பாடுவது

முன் ஸ்பீக்கருக்கு ஹை-பாஸ் (அதற்கு மேலுள்ள ஒலியை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸ், சப்புக்கு லோ-பாஸ் (கீழுள்ளதை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸ், இரண்டுக்கும் சரிவு ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறைக்கும், 24 டெசிபெல். இது ஆரம்பப் புள்ளி. கதவில் 5.25 அங்குலமோ அதைவிடச் சின்னதோ இருந்தால் ஹை-பாஸை 100 பக்கம் ஏற்றுங்கள்.

சப்பை 120, 150 வரை விட்டால் ஆண் குரலின் அடிப்பகுதி டிக்கிக்குப் போய்விடும். அங்கிருந்து குரல் வரும்போதுதான் காது பெட்டியைக் கண்டுபிடிக்கிறது. 80-க்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குச் சரியாகத் தெரியாது. நாம் தேடும் மாயம் அந்த 80-க்குக் கீழேதான் நடக்கிறது. என் காரில் கடைசியில் சப் 70-லும் முன்பக்கம் 85-லும் நின்றன. நடுவில் பள்ளம் விழவில்லை, 80-ஐச் சுற்றி இருந்த உறுமல் போய்விட்டது.

ஒரு பொறி: ஸ்டீரியோவிலும் கிராஸ்ஓவர் இருக்கும், ஆம்பிலும் இருக்கும். இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். வெட்டு இரட்டிப்பாகி நடுவில் ஓட்டை விழும். ஸ்டீரியோவில் போட்டால் ஆம்பின் சுவிட்சை "ஃபுல்"-இல் வையுங்கள்.

போர்ட்டட் பெட்டி வைத்திருப்பவர்கள் சப்சானிக் ஃபில்டரை (மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டுவது) பெட்டியின் ட்யூனிங்குக்குச் சற்றுக் கீழே, 25 - 30 ஹெர்ட்ஸ் பக்கம் போட்டே ஆக வேண்டும். அதற்கும் கீழே கோனை (ஸ்பீக்கரின் அசையும் கூம்பை) தாங்கிப் பிடிக்கக் காற்று இருக்காது, அது கட்டுப்பாடில்லாமல் துள்ளும்.

8. ஃபேஸ்: பேஸ் காணாமல் போகும் மர்மம்

சப் முன்னால் தள்ளும் நேரத்தில் கதவு ஸ்பீக்கர் பின்னால் இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். வெளியே நிற்பவருக்கு இடி, டிரைவர் சீட்டில் ஒன்றுமில்லை. இதைத் தெரியாமல் சப்பை இன்னும் ஏற்றுவோம், நிலைமை மோசமாகும்.

முதலில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் சரியா என்று பாருங்கள். வயரை ஆம்ப் பக்கம் கழற்றி, ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை பிளஸுக்கு பிளஸ் வைத்து ஒரு நொடி தொடுங்கள். கோன் வெளியே வந்தால் சரி, உள்ளே போனால் மாறி இருக்கிறது. ட்வீட்டருக்கு இந்தச் சோதனை வேண்டாம். என் இடது கதவு மாறியிருந்தது. நான்கு மாதக் குழப்பத்தில் பாதிக்கு அதுதான் காரணம். ஐந்து நிமிட வேலை, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

பிறகு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, குறைந்த வால்யூமில் 80 ஹெர்ட்ஸ் டோனை எல்லாவற்றிலும் ஓட விடுங்கள். சப் ஃபேஸை 0, 180 என்று மாற்றிப் பாருங்கள். எதில் சத்தம் கூடுகிறதோ அதை வையுங்கள்.

9. இப்போதுதான் சப் லெவல்

கெயின் ஒரு கூரை போட்டுவிட்டது. சமன் செய்வது முழுக்க ஸ்டீரியோவின் சப் லெவலில், அதுவும் பூஜ்யத்திலிருந்து கீழ் நோக்கி மட்டும். மேலே ஏற்றினால் கூரை உடையும்.

பின் கதவு ஸ்பீக்கர்களை ஃபேடரில் (முன், பின் சத்தத்தைப் பங்கிடும் செட்டிங்) முழுதாக அணையுங்கள். நன்றாகப் பழகிய ஒரு பாட்டைப் போடுங்கள். குரல், மிருதங்கம் அல்லது தவில், பேஸ் கிட்டார் மூன்றும் இருப்பது நல்லது. சப் லெவலை அடிமட்டத்துக்கு இறக்கி, முன்பக்கத்தை மட்டும் ஐந்து நிமிடம் கேளுங்கள். காது அதற்குப் பழகட்டும். பிறகு ஒவ்வொரு படியாக சப்பை ஏற்றுங்கள். ஒரு கட்டத்தில் பாட்டுக்கு உடம்பு வரும். இன்னும் இரண்டு படி ஏற்றினால் டிக்கியில் பெட்டி இருப்பது தெரியும். அந்த இரண்டு படியைத் திரும்ப இறக்குங்கள். அதுதான் உங்கள் இடம். என்னுடையது மைனஸ் 5-ல் நின்றது.

பூஜ்யத்தில் வைத்தும் பேஸ் போதவில்லை என்றால் சப்பை ஏற்ற வேண்டாம். ஃபேஸை மறுபடி பாருங்கள். அதுவும் சரி என்றால் முன் சேனலின் கெயினைக் கொஞ்சம் இறக்குங்கள்.

போனில் டெசிபெல் ஆப் வைத்து சப்பையும் முன்பக்கத்தையும் ஒப்பிடாதீர்கள். போன் மைக் குரலுக்கானது, தாழ்ந்த ஒலியைக் குறைத்தே காட்டும். அதை நம்பினால் சப்பை அளவுக்கு மேல் ஏற்றிவிடுவீர்கள். அளந்துதான் ஆக வேண்டும் என்றால் யூமிக்-1 போன்ற அளவை மைக்கும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும் லேப்டாப்பில் போதும். யாரிடமாவது இரவல் வாங்குங்கள், ஒரு நாள் வேலைதான். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பகுதி, 1000 ஹெர்ட்ஸை விட 6 முதல் 10 டெசிபெல் உயரமாக, படியில்லாமல் சரிவாக இருந்தால் காருக்குள் இயல்பாகக் கேட்கும்.

பின் ஸ்பீக்கர்களை அப்புறம் திறக்கலாம். முன்னால் உட்கார்ந்தால் அவை கேட்பதே தெரியாத அளவுக்கு மட்டும். வீட்டில் பெரியவர்கள் பின்னால் உட்கார்வார்கள் என்றால் அதற்கென ஒரு தனி செட்டிங் சேமித்து வையுங்கள்.

10. டைம் அலைன்மென்ட்

பக்கத்து ஸ்பீக்கரைத் தாமதப்படுத்தி, எல்லா ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வரச் செய்வது இது. உங்கள் ஸ்டீரியோவிலோ டி.எஸ்.பி.-யிலோ (ஒலியைத் திருத்தும் தனிக் கருவி) இந்த வசதி இருந்தால் மட்டும். ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். தலை இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் டேப் பிடித்து அளவெடுங்கள். நம் வண்டிகளில் டிரைவர் வலது பக்கம், ஆக வலது கதவு பக்கத்தில், சப் தூரத்தில். என் அளவு: சப் 190, இடது கதவு 140, வலது கதவு 90 சென்டிமீட்டர். சப்புக்குத் தாமதம் பூஜ்யம். இடதுக்கு வித்தியாசம் 50, அதை 34-ஆல் வகுத்தால் 1.5 மில்லி செகண்ட். வலதுக்கு 100, அதாவது 2.9. சில ஸ்டீரியோக்கள் தூரத்தை அப்படியே கேட்கும், அவையே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

இதைப் போட்ட கணத்தில் குரல் வலது கதவிலிருந்து எழுந்து டேஷ்போர்டின் நடுவுக்கு வந்து உட்கார்ந்தது. நான்கு மாதத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷம் அந்த ஒரு நிமிடம். லோ-பாஸ் ஃபில்டரும் சப்பைக் கொஞ்சம் தாமதமாக்கும், அதனால் சப்பின் தூரத்தை 20, 40 சென்டிமீட்டர் கூட்டியும் கேட்டுப் பாருங்கள். மாற்றிய பிறகு 8-ஆம் படியின் ஃபேஸ் சோதனையை ஒரு முறை திரும்பச் செய்ய வேண்டும்.

11. ஈக்வலைசரில் வெட்டுங்கள், ஏற்றாதீர்கள்

பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு ஸ்வரமும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்க வேண்டும். ஒரு ஸ்வரம் மட்டும் எகிறினால் அந்த இடத்தில் காரின் உள்ளிடம் அதைப் பெருக்குகிறது. 40, 50, 60, 80 என்று ஒவ்வொன்றாக 3 டெசிபெல் இறக்கிப் பாருங்கள். எதை இறக்கியதும் எகிறல் அடங்குகிறதோ அதை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றைப் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். அரை மணிக்கு மேல் தொடர்ந்து செய்யாதீர்கள், காது களைத்துவிட்டால் முடிவு தப்பும்.

12. நின்ற வண்டியும் ஓடும் வண்டியும்

நிறுத்தி வைத்துச் சரி செய்த சமநிலை, நான்குவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் மாறிவிடும். டயர் இரைச்சலும் காற்றும் பெரும்பாலும் தாழ்ந்த ஒலிதான், அது பேஸை மூடிவிடும். ஆகவே இரண்டு செட்டிங் சேமியுங்கள்: ஊருக்குள் மைனஸ் 5, நெடுஞ்சாலையில் மைனஸ் 2 என்பது மாதிரி. நெடுஞ்சாலை செட்டிங்கோடு ராத்திரி தெருவுக்குள் வராதீர்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு 45 டெசிபெல். பேஸ் கண்ணாடியைத் தாண்டி வீடுகளுக்குள் போய்விடும்.

செலவு, நேரம், இன்சூரன்ஸ்

எனக்கு ஆனது: சப்பும் பெட்டியும் 9,500, மோனோ ஆம்ப் 8,000, நான்கு சேனல் ஆம்ப் 9,000, முன் காம்போனென்ட் 6,500, வயர் கிட் 3,500, டேம்பிங் 4,000, கூலி 3,000. மொத்தம் 43,500 ரூபாய். வீணான கெப்பாசிட்டரும் எரிந்த ட்வீட்டரும் இதில் சேரவில்லை. ஒரே தடவையில் எல்லாம் முடியாது என்றால் முன்பக்கம், டேம்பிங், நான்கு சேனல் ஆம்ப் ஆகியவற்றை முதலில் வாங்குங்கள். சப் மூன்று மாதம் காத்திருக்கட்டும்.

நேரம்: பொருத்துவதற்கு ஒரு முழு நாள். கெயின், கிராஸ்ஓவர், ஃபேஸ் சேர்த்து அரை நாள். ஒரு வாரம் அப்படியே ஓட்டிக் கேளுங்கள், எதையும் தொடாதீர்கள். அடுத்த ஞாயிறு லெவல், டைம் அலைன்மென்ட், ஈக்வலைசர்.

இன்சூரன்ஸைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கம்பெனியிலிருந்து வராத எலக்ட்ரிகல் பொருள்கள் சாதாரண பாலிசியில் சேராது. ஐ.எம்.டி. 24 என்ற சேர்க்கையைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்குப் பொதுவாகப் பொருளின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். டேம்பிங்கும் கூலியும் நீங்கலாக என் 36,500 ரூபாய்ப் பொருள்களுக்கு 1,460 ரூபாய், வரி தனி. ஜி.எஸ்.டி. பில்களின் நகலும், பொருத்திய பிறகு எடுத்த படங்களும் தேவைப்படும். பாலிசி புதுப்பிக்கும் நாள் வரை காத்திருக்காதீர்கள், நடுவிலேயே சேர்க்கலாம்.

ஒரு மாதம் கழித்து ஒரு ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு டிக்கியைத் திறங்கள். கிரவுண்ட் போல்ட், ஆம்பின் வயர் முனைகள், சப்பைப் பெட்டியோடு பிடிக்கும் ஸ்க்ரூக்கள், பேட்டரிப் பக்க ஃபியூஸ் ஹோல்டர் எல்லாவற்றையும் ஒரு சுற்று இறுக்குங்கள். அதிர்வில் தளர்ந்திருக்கும். என்னுடையதில் ஃபியூஸ் ஹோல்டரின் ஒரு முனை கையாலேயே சுழலும் அளவுக்குத் தளர்ந்திருந்தது.